பரணிக்கு வைத்த கேமரா

எங்கள் வீட்டுச் சரக்கு அறையின் உத்தரத்தில் ஒரு கேமரா இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வெள்ளைக் கேமரா. அதன் நெற்றியில் பொட்டு வைத்ததுபோல் ஒரு பச்சை விளக்கு எரியும். நான்தான் ஏணி போட்டு ஏறி, என் கையால் திருகாணி முடுக்கி அதை வைத்தேன். ஒயின் ஊறும் பரணியைப் பார்ப்பதற்காக வைத்தது. ஆனால் இன்று வரை அது பார்ப்பது சமையலறைக்குப் போகும் கதவை. பரணி படத்தின் ஓரத்தில் பாதிதான் தெரியும். அப்படித் திருப்பி வைக்கச் சொன்னவர் என் சம்பந்தி, என் மருமகளைப் பெற்றவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அதை நேராக்கிவிடலாம் என்று எத்தனையோ முறை ஏணியை எடுத்தேன். எடுத்த ஏணியை எடுத்த இடத்திலேயே சாத்திவைத்துவிட்டு வந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கம்பத்துப் பக்கத்திலிருந்து மலையேறி, ஏலத்தோட்டத்தில் மூட்டை தூக்கக் கம்பம்மெட்டுக்கு வந்தவன். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டுவதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எரிந்துபோய்த் தூக்கி எறிந்த மோட்டாரைப் பிரித்து, கம்பி எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து நானே கட்டினேன். இன்றைக்கு இந்தச் சந்திப்பில் இறங்கி மோட்டார் கடை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் என் கடையைக் காட்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் வீட்டில் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானே நிற்கும். வாசலில் வண்டி வந்து நின்றால் போனில் மணி அடிக்கும். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் சூடு கூடுகிறதா குறைகிறதா என்று கடையில் உட்கார்ந்தபடியே பார்ப்பேன். கடையை மகன் கையில் கொடுத்த பிறகு இந்த வேலைகள்தான் என் பொழுதுபோக்கு. "வீட்டுல எங்க கை வச்சாலும் ஏதாவது ஒண்ணு எரியுது, ஏதாவது ஒண்ணு கத்துது" என்பாள் என் மனைவி.

சம்பந்தி அதற்கு நேர்மாறான ஆள். மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இலையைக் கையில் அள்ளி மோந்து பார்த்தே பக்குவம் சொல்லிப் பழகியவர். சம்பந்தியம்மா மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பிறகு அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகளுக்கு ஜடை பின்னிவிட்டு, சோறு கட்டிக்கொடுத்து, ஆளாக்கி எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அதன் பிறகு அந்த மலையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் அவர் மட்டும். ஒரே பொழுதுபோக்கு, பழத்தில் ஒயின் போடுவது. தோட்டத்தில் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் கிறிஸ்துமஸுக்குப் போடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். அவர்கள் திராட்சையோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் நிறுத்தவில்லை. பிளம்ஸ், பேஷன் ஃப்ரூட், மரத்தக்காளி, நாவல், எது கையில் கிடைத்தாலும் பிசைந்து பரணியில் போட்டுவிடுவார். பரணி என்றால் ஊறுகாய் போடும் பெரிய பீங்கான் ஜாடிதான். மலையில் அப்படித்தான் சொல்வோம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் இரண்டு கையாலும் பரணியை அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார். "எங்க ஊருக் குளிர்ல பழம் தூங்கிருது சம்பந்தி. வேலையே செய்ய மாட்டேங்குது. உங்க வீட்டுல கணகணப்பா ஒரு மூலை இருந்தா இத வச்சுக்கிரலாமா?" என்று கேட்டார். சரக்கு அறையின் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஏலக்காய் ஸ்டோர். சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பரணியை அந்தச் சுவரை ஒட்டி வைத்தோம். தினம் ஒரு தடவை ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். அது மகள் வேலை. வாரம் ஒரு தடவை வந்து துணியை அவிழ்த்து, மோந்து பார்த்து, சர்க்கரை போதுமா என்று சொல்ல வேண்டும். அது அப்பா வேலை.

குளிர் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பரணியைச் சுற்றிச் சாக்கைக் கட்டி அடுப்படியில் வைத்தால் அந்த ஊரிலும் பழம் புளிக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது கணகணப்பான மூலை அல்ல. மகளைப் பார்க்க ஒரு வழி. எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுத்தவர்கள் சும்மா வந்து நிற்க மாட்டார்கள். பொங்கலுக்குச் சீர் கொண்டு வரலாம், காதுகுத்துக்கு வரலாம், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வரலாம். ஒன்றுமில்லாமல் பெண்ணின் அப்பா வாரா வாரம் வந்து உட்கார்ந்தால், பெண்ணுக்கு அங்கே என்ன குறை என்று ஊர் கேட்கும். எங்களுக்கும் மனதில் உறுத்தும். அதை எல்லாம் அவர் யோசித்து வைத்திருந்தார். பரணி வந்த பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் ஒயினைப் பார்க்க வருகிறார், அவ்வளவுதான்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பரணி எப்படி இருக்கு?" என்பார். மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நேராகச் சரக்கு அறைக்குப் போவார். பரணியைக் கட்டிப்பிடித்துக் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "வந்து கேளுங்க சம்பந்தி, பழம் பேசுது" என்பார். நானும் காதை வைப்பேன். மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுவதுபோல் உள்ளே எங்கோ முணுமுணுவென்று கேட்கும். "எக்ஸைஸ்காரன் வந்தா அவனையும் காது வைக்கச் சொல்லுங்க" என்று நான் கேலி செய்வேன். "வந்தா ஒரு டம்ளர் குடுத்து இருமலுக்குக் கசாயம்னு சொல்லிருவோம்" என்பார். பிறகு மகள் கொடுக்கும் காபியைக் குடிப்பார். அவள் கதவோரம் உட்கார்ந்து காய் நறுக்குவாள். இவர் பரணியோரம் பலகையில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் பேசிக்கொண்டால்தானே! கிளம்பும்போது மட்டும், "கரண்டி ஈரமில்லாமப் பாத்துக்கம்மா" என்பார். 'போய்வருகிறேன்' என்பதற்குப் பதில் அவர் சொல்வது அதுதான்.

ஒரு மழைக்காலத்தில் அவர் தொப்பலாக நனைந்து வந்தார். வழியில் பஸ் பழுதாகி, வேறு வண்டி மாறி, கடைசியில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். முழங்கால் வேறு வீங்கியிருந்தது. அவர் போன பிறகு மருமகள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அப்பாவுக்குக் கால் முடியல மாமா. இவ்வளவு தூரம் பஸ்ல வர்றது பாவமா இருக்கு" என்றாள். அவள் சொன்னது ஒரு மகளின் வருத்தம். என் காதில் விழுந்தது ஒரு பழுது. பழுது என்றால் எனக்கு உட்காரத் தெரியாது. சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார் ஒன்று கடையில் கிடந்தது. அதை ஒரு பலகையில் பொருத்தி, மரக்கரண்டியை அதில் மாட்டினேன். காலையிலும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் தானே சுற்றித் தானே நின்றுவிடும். சுவர்ச் சூடு குறைந்தால் பக்கத்தில் ஒரு பல்பு எரியும், போதுமென்றால் அணையும். மேலே உத்தரத்தில் கேமரா. எல்லாவற்றுக்கும் ஒரே பிளக். மகனை அனுப்பி, சம்பந்தியின் போனில் அந்தப் படம் தெரியும்படி செய்து கொடுத்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "கரண்டிக்குக் கரண்டு குடுத்த மனுசன் ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். சம்பந்திக்குப் போன் போட்டேன். "இனிமே நீங்க அலையவே வேணாம் சம்பந்தி. காதும் வைக்க வேணாம், கரண்டியும் பிடிக்க வேணாம். உக்காந்த எடத்துலருந்தே பாத்துக்கங்க. எப்படி நம்ம வேலை?" "பெரிய வேலை சம்பந்தி. யாரும் செய்ய மாட்டாங்க" என்றார்.

அன்றிலிருந்து அவர் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்டார். "படத்துல வெளிச்சம் பத்தல சம்பந்தி. கேமராவக் கொஞ்சம் எடப்பக்கமாத் திருப்பி வைங்களேன்." திருப்பினேன். சில நாள் கழித்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் திருப்பினேன். வெளிச்சத்தைப் பற்றி அவருக்கு ஒரு பாடமே எடுத்தேன். ஜன்னலுக்கு எதிரே கேமரா வைக்கக் கூடாது, பொருளுக்குப் பின்னால் இருட்டு வேண்டும் என்றெல்லாம். "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார். பிளம்ஸ் காலம் போயிற்று. பேஷன் ஃப்ரூட் காலம் போயிற்று. பழத்தை யாரிடமாவது கொடுத்தனுப்புவார், மெஷின் கிளறும், மருமகள் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றுவாள். ஒயின் மோசமில்லை. குடித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். கெட்டுப்போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கம்பத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் வழக்கம்போல என் மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நம்பவில்லை. "இருங்க, காட்டுறேன்" என்று இடது கையால் போனை எடுத்துப் படத்தைத் திறந்தேன். பொருத்திய நாளுக்குப் பிறகு நானே அதைத் திறந்து பார்த்ததில்லை. என் வீட்டில் இருக்கும் பரணியை நான் போனில் எதற்குப் பார்க்க வேண்டும்? அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரணி எங்கங்க? ஒரு பொம்பளப் பிள்ளைல்ல உக்காந்து காய் நறுக்குது?" என்றார். நடுப்படத்தில் கதவு. கதவோரம் முக்காலி போட்டு என் மருமகள். முறத்தில் கொத்தவரங்காய். அவள் ஒரு காயை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, கேமராவுக்குக் காட்டினாள். ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு குனிந்து நறுக்க ஆரம்பித்தாள்.

பாயசம் வரும் முன்பே எழுந்து கை கழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டபோது, அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "இன்னைக்கு என்ன சமையல்னு அப்பாவுக்குக் காட்டுவா. அவரும் அங்க அதையே வைப்பாரு. இது ஊருக்கே தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது" என்றாள். போனில் பேசிக்கொள்ளலாமே என்றேன். "என்ன பேசுறது? நல்லாருக்கியா, நல்லாருக்கேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் வாயே வராது. அவருக்குப் பாத்துக்கிட்டு இருக்கணும், அம்புட்டுத்தான்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அவரு வரணும்னா உங்க மெஷினு கெட்டுப்போகணும்."

முதலில் வேறு வழி பார்த்தேன். "சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சம்பந்தி" என்று போனில் கூப்பிட்டேன். "வர்றேன் வர்றேன்" என்றார். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "சும்மா எப்படிங்க வர்றது? பிள்ளைக்கு எதுவுமில்லல்ல?" என்று பதறினார். அதற்குப் பிறகு சும்மா என்று கூப்பிட எனக்குப் பயம் வந்துவிட்டது. மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. ஆனால் என் கையால் செய்த ஒன்று ஓடவில்லை என்று நான் என் வாயால் சொன்னதே கிடையாது. கடைக்குத் திரும்பி வந்த மோட்டாரைக்கூட, உங்கள் வீட்டுக் கரண்டுதான் சரியில்லை என்று சொல்லி அனுப்பியவன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாவல் பழக் காலமும் முடிந்துவிட்டது. இந்த இடத்தில்தான் என் மனம் இன்றைக்கும் போய் நிற்கிறது. அந்த மாதங்களில் வழி திறந்திருந்தது, பஸ் ஓடியது, அவருக்கு உடம்பும் இருந்தது.

ஒருநாள் காலையில் சரக்கு அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, போனைப் போட்டேன். "சம்பந்தி, நம்ம மெஷினு மக்கர் பண்ணிருச்சு. கரண்டி சுத்த மாட்டேங்குது. பழம் பாழாயிரும்போல. நீங்க வந்தாத்தான் ஆகும்." சொல்லி முடிக்கும்போது எனக்கு வியர்த்துவிட்டது.

"சுத்துதே" என்றார்.

"எது?"

"கரண்டி. உங்களுக்குப் பின்னாடி, ஓரத்துல. நீலச் சட்டை போட்டுக்கிட்டு நீங்கதான மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். நான் வைத்த மோட்டார் நான் வைத்த நேரத்துக்கு ஒரு குறையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நான் வைத்த கேமரா பச்சை விளக்கோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு எதுவும் தோன்றாமல், எட்டி அந்த ஒரே பிளக்கைப் பிடுங்கினேன். கரண்டி நின்றது, பல்பு அணைந்தது, பச்சை விளக்கும் போயிற்று.

"இப்ப?" என்றேன்.

"இப்ப எதுவுமே தெரியல சம்பந்தி."

பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிறகு அவர்தான் சொன்னார், "அப்ப வந்துதான் பாக்கணும்."

மறுநாளே வந்தார். ஆள் இளைத்துப்போயிருந்தார். பையில் மரத்தக்காளி. வாசலில் செருப்பைக் கழற்றினார். "பரணி எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ரொம்பக் கெட்டுப்போச்சு சம்பந்தி. என் மெஷினு சரியில்ல. நீங்க நாலஞ்சு வாரம் விடாம வந்தாத்தான் தேறும்" என்றேன். மருமகள் சட்டென்று உள்ளே திரும்பிக்கொண்டாள். அவர் போய்ப் பரணியில் காதை வைத்தார். அன்றைக்கு அவர் என்னைக் காது வைக்கக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. வெளியே ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு, ஓடிக்கொண்டிருந்த விசிறியைப் பழுது பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கத்தி பலகையில் படும் சத்தம் மட்டும் வந்தது. பேச்சுச் சத்தம் வரவில்லை. கிளம்பும்போது, "கரண்டி ஈரமில்லாமப் பாத்துக்கம்மா" என்றார். பஸ் ஏறும் முன் என்னிடம், "கேமராவுக்கு மட்டும் திரும்பக் கரண்டு குடுத்துருங்க சம்பந்தி. வராத நாளைக்கு ஆகும்" என்றார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை இரண்டு பேரும் அந்தப் பஸ் புகையிலேயே விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தார். மலையில் மண் சரிந்து வழி அடைபட்டது. வழி திறந்தபோது பனி தொடங்கிவிட்டது. அந்தக் குளிரில் ஒரு காலை, சமையல் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். நாங்கள் எல்லோரும் ஓடினோம்.

எல்லாம் முடிந்து, அந்த வீட்டு அடுப்படியில் தண்ணீர் குடிக்கப் போனேன். அடுப்புக்கு எதிரே அலமாரித் தட்டில் அவர் போனுக்கு ஒரு தாங்கி இருந்தது. பிஸ்கட் டப்பாவின் தகரத்தை வெட்டி, விளிம்பு கையைக் கிழிக்காதபடி மடித்து, நின்றுகொண்டு சமைக்கும் ஆளின் கண்ணுக்குச் சரியாக வரும்படி சாய்த்து வளைத்திருந்தார். கம்பி, கத்திரி எதையும் தொடவே பயப்படுகிற மனிதர். நான் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்பழுக்கில்லாத வேலை. அதை அவரிடம் சொல்ல முடியவில்லை. என் வேலையைப் பெரிய வேலை என்று அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! அவர் வேலையைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாங்கிக்குப் பக்கத்தில் முறம். முறத்தில் பாதி நறுக்கிய பூசணிக்காய். எங்கள் வீட்டிலும் அன்றைக்குப் பூசணிக்காய்தான்.

வைப்பர் மோட்டாரை நான் கழற்றிவிட்டேன். இப்போது பரணியை மருமகள் கையால்தான் கிளறுகிறாள். கேமராவை மட்டும் தொடவில்லை. என் போனில் அந்தப் படம் இன்னும் வரும், நான் திறப்பதில்லை. போன வாரம் கடையில் வேறு எதையோ தட்டப்போய்க் கை தவறித் திறந்துவிட்டது. கதவோரம் முக்காலி, முக்காலியில் அவள். முறத்திலிருந்து ஒரு பாகற்காயை எடுத்தாள். தலைக்கு மேலே தூக்கி, கேமராவுக்குக் காட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து நறுக்க ஆரம்பித்தாள்.

அது எனக்குக் காட்டியது இல்லை. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.